பெரிய துப்பாக்கி, பளபளக்கும் துப்பாக்கி: குன்னூர்ப் பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர் மார்க்கெட்டுக்குக் கீழே சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். பூட்டு, கவாத்துக் கத்தி, கொழுந்து வெட்டும் மெஷின், பலூன் சுடும் கடைக்காரர்களின் ஏர்கன் எல்லாம் பழுது பார்க்கிறேன். அதற்கு முன்னால் 22 வருடம் ராணுவத்தில், ஆயுதங்களையும் வண்டிகளையும் பழுது பார்க்கும் இ.எம்.இ. பிரிவில் ஆர்மரராக இருந்தேன். சிப்பாய்களின் ஆயுதங்களைக் கழற்றிச் சரிசெய்து கொடுப்பதுதான் ஆர்மரர் வேலை.

ஏர்கன்னைப் பார்த்ததும் பையன்கள் கடைக்குள் வந்துவிடுவார்கள். போன் ஆட்டத்தில் பார்த்த பெரிய கைத்துப்பாக்கியைப் பற்றித்தான் பேச்சு ஆரம்பிக்கும். பெற்றோரும் எஸ்டேட்காரர்களும் வேறு மாதிரி கேட்பார்கள். நாலைந்து வருடமாக ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

டெசர்ட் ஈகிள், டெசர்ட் ஈகிள்னு பசங்க சொல்றாங்களே, அது என்ன சார்?

அது ஒரு பெரிய கைத்துப்பாக்கி. அமெரிக்காவில் மின்னசோட்டாவைச் சேர்ந்த மேக்னம் ரிசர்ச் என்ற கம்பெனியும், இஸ்ரேல் மிலிட்டரி இண்டஸ்ட்ரீஸும் சேர்ந்து உருவாக்கி 1980-களில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அதில் பெரிய ரகம் .50. குண்டின் விட்டம் அரை அங்குலம், அதாவது ஏறக்குறைய 12.7 மி.மீ. தோட்டா போடாமலே எடை 2 கிலோ வரும். தோட்டாக்களை அடுக்கிவைக்கும் மேகசினில் ஏழுதான் பிடிக்கும். தங்க நிறம், குரோம், புலிவரி என்று பல பூச்சுகளில் விற்கிறார்கள்.

எந்தப் பெரிய ராணுவமும் அதைத் தன் சிப்பாய்களுக்கான வழக்கமான கைத்துப்பாக்கியாக எடுத்துக்கொள்ளவில்லை. திரையில் நன்றாகத் தெரியும் உருவம் அதற்கு, அதனால்தான் ஆட்டங்களிலும் படங்களிலும் அதிகம் பார்க்கிறோம். பையன்களுக்குத் தெரிந்திருப்பது அந்தத் திரை உருவம் மட்டும்தான்.

பிஸ்டலும் ரிவால்வரும் ஒண்ணுதானே?

இல்லை. சுழலும் உருளையில் ஐந்தாறு தோட்டா இருந்தால் ரிவால்வர். கைப்பிடிக்குள் மேகசின் போனால் பொதுவாகப் பிஸ்டல் என்கிறோம். கைத்துப்பாக்கி என்றால் இரண்டும் அடங்கும்.

பெருசா இருந்தா பவர் ஜாஸ்திதானே மாமா?

உருவத்தைப் பார்த்து சக்தியைச் சொல்ல முடியாது. வேலை செய்வது தோட்டாவுக்குள் இருக்கும் வெடிமருந்து. நம் அருவங்காடு கார்டைட் ஃபேக்டரி நூறு வருடத்துக்கு மேலாகச் செய்து தருவது அதைத்தான். மருந்து எரிந்து வாயுவாகி குண்டைத் தள்ளுகிறது. நீளமான குழாய் இருந்தால் தள்ளும் நேரம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். ராணுவத்திலும் போலீசிலும் உலகம் முழுக்கப் புழங்கும் 9 மி.மீ. தோட்டாவின் குண்டு சுமார் 500 ஜூல் ஆற்றலோடு போகும். .50 குண்டு சுமார் 2,000 ஜூல். நாலு மடங்கு என்பது உண்மைதான்.

ஆனால் முன்னால் எவ்வளவு தள்ளுகிறதோ அதற்கேற்ப பின்னாலும் உதைக்கும். உதையைத் தாங்கத்தான் துப்பாக்கியைக் கனமாகச் செய்கிறார்கள். கனமானால் நீட்டிப் பிடிக்கும் கை தளரும். முதல் குண்டு போனதும் குழாய் மேலே எழும்பிவிடும், அதைத் திரும்ப இலக்குக்குக் கொண்டுவர நேரமாகும். அதற்குள் சின்னத் துப்பாக்கிக்காரன் இரண்டாவதையும் மூன்றாவதையும் சுட்டிருப்பான். ஆஸ்திரிய ராணுவம் 1982-ல் எடுத்துக்கொண்ட க்ளாக் 17 பிஸ்டல் மேகசின் இல்லாமல் 650 கிராமுக்குள்தான் இருக்கும், தோட்டா 17 பிடிக்கும். அதனால்தான் சண்டையை நேரில் பார்த்தவர்கள் அந்தப் பக்கம் போனார்கள்.

நம்பாத பையன்களிடம் கடையில் இருக்கும் 2 கிலோ எடைக்கல்லைக் கொடுத்து, ஒரு கையில் நீட்டிப் பிடிக்கச் சொல்வேன். நான் ஒன்று இரண்டு என்று எண்ணுவேன். முப்பதைத் தொடுவதற்குள் மணிக்கட்டு ஆட ஆரம்பித்துவிடும். அதற்குப் பிறகு அவர்கள் கேட்கும் கேள்வி வேறாக இருக்கும்.

ஓவர் காம்பென்சேஷன்னு சொல்றாங்களே, அப்படின்னா?

ஒரு குறை மனசை அரித்தால், அதை ஈடுகட்ட வேறு இடத்தில் அளவுக்கு மிஞ்சிச் செய்வது. தமிழில் மிகை ஈடு எனலாம். நம் ஊரில் 'குறைகுடம் கூத்தாடும்' என்று சொல்வார்களே, ஏறக்குறைய அதுதான்.

இதை உளவியலில் பெரிதாகப் பேசியவர் வியன்னாவைச் சேர்ந்த டாக்டர் ஆல்ஃபிரட் ஆட்லர் (1870–1937). சின்ன வயதில் ரிக்கெட்ஸ் என்ற எலும்பு நோய் அவருக்கு இருந்தது. நிமோனியா வந்து சாகக் கிடந்து பிழைத்தவர். உடம்பில் ஒரு உறுப்பு பலவீனமானால் மனிதன் அதை எப்படி ஈடுகட்டுகிறான் என்று 1907-ல் எழுதினார். 'தாழ்வு மனப்பான்மை' என்று இன்று எல்லோரும் புழங்கும் சொல்லுக்குப் பின்னால் இருப்பது அவருடைய வேலைதான்.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஈடுகட்டுவதே தப்பு என்று ஆட்லர் சொல்லவில்லை. திக்குவாய் இருந்ததாகச் சொல்லப்படும் கிரேக்கன் டெமோஸ்தனிஸ், வாயில் கூழாங்கல் போட்டுப் பேசிப் பழகி பெரிய பேச்சாளன் ஆனானாம். அதுவும் மிகை ஈடுதான். குறை ஒருவனைப் பயிற்சிக்கும் அனுப்பலாம், வேஷத்துக்கும் அனுப்பலாம். இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்ல வருவது இந்த வித்தியாசத்தைத்தான்.

பெரிய துப்பாக்கி வெச்சிருக்கிறவனுக்கு 'வேற' குறை இருக்கும்னு சிரிக்கிறாங்களே, நெசமா?

பெரியவர்கள் கேட்கும் கேள்வி என்பதால் நேராகவே சொல்கிறேன். ஆண்குறி சிறுத்தவன் பெரிய துப்பாக்கி வாங்குவான் என்பது அந்தக் கிண்டல். கனவில் வரும் ஆயுதங்களை ஆணுறுப்பின் குறியீடாக ஃப்ராய்ட் எடுத்துக்கொண்டார். அங்கிருந்து பரவிய பேச்சு இது.

அமெரிக்காவில் 2024-ல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை நேரடியாகச் சோதித்துப் பார்த்தது. 1,840 ஆண்களிடம் கேட்டதில், தங்கள் அளவில் அதிருப்தி உள்ளவர்களிடம் துப்பாக்கி இருப்பது கூடுதலாக இல்லை, குறைவாகவே இருந்தது. ஆக அந்தக் கிண்டலுக்கு ஆதாரம் இல்லை.

அப்போ அந்தப் பேச்சு முழுக்கப் பொய்யா?

முழுப் பொய்யும் இல்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் ராப் வில்லர் என்ற சமூகவியலாளர் மாணவர்களிடம் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார். பதில் எப்படி இருந்தாலும் சரி, சிலரிடம் 'உங்கள் விடை ஆண்தன்மை காட்டுகிறது' என்றும், சிலரிடம் 'பெண்தன்மை காட்டுகிறது' என்றும் சொன்னார்கள். பெண்தன்மை என்று கேட்ட ஆண்கள் அதற்குப் பிறகு போரை அதிகம் ஆதரித்தார்கள், பெரிய எஸ்.யு.வி. கார் வாங்க அதிக ஆசை காட்டினார்கள். பெண்களிடம் அப்படி மாற்றம் வரவில்லை. இது 2013-ல் வெளியானது.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். தன் ஆண்மை சந்தேகத்துக்கு உள்ளானதாக ஒருவன் அந்த நேரத்தில் உணர்ந்தால், பெரிய பொருளின் பக்கம் கை போகிறது. அது உண்மை. அதற்காகப் பெரிய பொருள் வைத்திருக்கிறவன் எல்லாம் குறையுள்ளவன் என்று திருப்பிப் போடக்கூடாது. காய்ச்சல் வந்தால் உடம்பு சுடும். உடம்பு சுடுகிறது என்பதற்காகக் காய்ச்சல் என்று முடிவுகட்ட முடியுமா? வெயிலில் நின்று வந்திருக்கலாம்.

இவ்வளவு பெருசா செய்ய யாருக்குத் தோணுச்சு? உபயோகமே இல்லையா?

உபயோகம் உண்டு. முதலில் பெரிதாகச் செய்ததே உபயோகத்துக்காகத்தான். 1847-ல் சாமுவேல் கோல்ட் செய்த வாக்கர் ரிவால்வர் 2 கிலோவுக்குச் சற்று மேல். டெக்சஸ் ரேஞ்சர் சாமுவேல் வாக்கர் யோசனை சொல்ல, குதிரைப்படைக்காகச் செய்தது. அதை இடுப்பில் யாரும் தொங்கவிடவில்லை, சேணத்தோடு சேர்த்துக் கட்டிய உறையில் குதிரைதான் சுமந்தது. எடையைச் சுமக்க ஆள் இருந்ததால் எடை வைத்தார்கள்.

.44 மேக்னம் என்ற பெரிய ரகத் தோட்டா 1955-ல் வந்தது. வேட்டைக்கும், கரடி திரியும் காடுகளில் கடைசித் தற்காப்புக்கும் அமெரிக்காவில் புழங்கினார்கள். 2003-ல் ஸ்மித் அண்ட் வெஸன் விட்ட மாடல் 500 ரிவால்வரும் பெரிய மிருக வேட்டையை நினைத்துச் செய்ததுதான். ஐந்து தோட்டா, நீளக் குழாய் வைத்தால் 2 கிலோ. அப்புறம் உலோக உருவங்களைச் சுட்டுச் சாய்க்கும் போட்டி ஒன்று உண்டு. அதில் 200 மீட்டர் தள்ளி நிற்கும் செம்மறிக்கடா உருவத்தைக் கைத்துப்பாக்கியால் சாய்க்க வேண்டும். சின்னக் குண்டு பட்டாலும் அது விழாது. அதற்குப் பெரியதுதான் வேண்டும். அந்த ஆட்களைப் பார்த்து 'மிகை ஈடு' என்று சொன்னால் அது அறியாமை.

நான் பிரித்துப் பார்க்கும் முறை எளிது. வேலை முதலில் வந்து துப்பாக்கி பின்னால் வந்ததா, துப்பாக்கி முதலில் வந்து அதற்கு வேலை தேடுகிறார்களா?

தங்கமுலாம் பூசினதெல்லாம் எதுக்கு?

எதிரே நிற்பவனுக்குக் காட்ட. லிபியாவில் 2011-ல் கடாஃபி பிடிபட்டபோது ஒரு தங்க முலாம் பிஸ்டலைப் போராளிகள் உயர்த்திக் காட்டினார்கள். உலகமெல்லாம் அந்தப் படத்தைப் பார்த்தது. எனக்கு மட்டும் அதில் வேறொன்று கண்ணில் பட்டது. அது பிரவுனிங் ஹைபவர். நம் ராணுவத்தில் இருந்த 9 மி.மீ. பிஸ்டல் ஆட்டோ 1ஏ அதே வடிவமைப்பில் இஷாப்பூரில் செய்தது. கறுப்புச் சாயம் தேய்ந்து விளிம்பில் வெள்ளி தெரியும் அந்தப் பிஸ்டலை எத்தனை முறை என் கையால் கழற்றி மாட்டியிருப்பேன்! அதே ஸ்பிரிங், அதே பதின்மூன்று தோட்டா. தங்கம் பூசியதால் அதற்குள் ஒரு பாகமும் மாறவில்லை. அவரைக் காப்பாற்றவும் இல்லை.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப்போரின் அமெரிக்கத் தளபதி பேட்டன், தந்தப் பிடி போட்ட ரிவால்வரை எல்லோருக்கும் தெரியும்படி இடுப்பில் கட்டியிருந்தார். அவர் 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் துப்பாக்கிசுடுதல், வாள்வீச்சு, நீச்சல், குதிரையேற்றம், ஓட்டம் என்ற ஐந்தும் சேர்ந்த பெண்டத்லானில் ஐந்தாம் இடம் பிடித்தவர். அலங்காரம் இருந்தாலே உள்ளே காலி என்று நினைக்க வேண்டாம்.

நம்ம ஊர்லயும் அந்தக் காலத்துல இப்படிக் காட்டிக்கிட்டாங்களா?

தொண்டைமானிடம் அதியமானுக்காக ஔவையார் தூது போன கதை படித்திருப்பீர்கள். தன் படைக்கலக் கொட்டிலைத் தொண்டைமான் பெருமையாகக் காட்டினான். மயிற்பீலி சுற்றி, மாலை போட்டு, நெய் பூசி, காவல் வைத்து எல்லாம் மினுங்கிக்கொண்டிருந்தன. ஔவையார் பார்த்துவிட்டு, இவை இங்கே அழகாக இருக்கின்றன, எங்கள் அரசனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி ஒடிந்து எப்போதும் கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார்.

ஆயுதப் பட்டறையில் பாதி ஆயுளைக் கழித்தவன் நான். பள்ளிக்கூடத்தில் படித்தபோது அது வெறும் நக்கலாகத் தெரிந்தது. வேலைக்குப் போன பிறகுதான் அந்தக் கொல்லன் பட்டறை எனக்குப் பெரிதாகப் பட்டது. வேலை செய்யும் ஆயுதம் தேயும், ஒடியும், பழுதுக்கு வரும். என் மேசைக்கு ஒருநாளும் வராத ஆயுதம் ஒருநாளும் உறையை விட்டு வெளியே வராத ஆயுதம்.

இன்றைக்கு இதன் தொடர்ச்சி பட்டாக்கத்தியால் கேக் வெட்டும் பிறந்தநாள். அரை கிலோ கேக்குக்கு இரண்டடிக் கத்தி. துப்பாக்கி கிடைக்காத ஊரில் அதே மனசு கத்தியைப் பிடித்துக்கொள்கிறது.

எங்க எஸ்டேட் முனீஸ்வரன் கையில ஆள் உயர அருவா இருக்கே, அதுவும் மிகை ஈடா?

ஒரு கல்லூரிப் பையன் மடக்குவதற்காகக் கேட்டான். நல்ல கேள்வி. அதற்கு நான் சொன்னது: காவல் தெய்வத்தின் அருவாள் ஊருக்கே சொந்தம். நேர்ந்துகொண்டவர்கள் எல்லோரும் கொண்டுவந்து நடுகிறார்கள். இருட்டில் கொழுந்துக் காட்டைக் கடந்து போகிற பெண்ணுக்கு, தூரத்தில் அது தெரிந்தால் மனசுக்குத் தெம்பு. பெரிதாக இருப்பது பார்க்கிறவளுக்காக. தன்னைப் பெரிதாகக் காட்ட ஒருவன் தனக்கென்று வாங்குவதும் இதுவும் ஒரே கணக்கில் வராது.

எனக்கு லைசென்ஸ் கிடைக்குமா? டெசர்ட் ஈகிள் வாங்க முடியுமா?

டெசர்ட் ஈகிளை மறந்துவிடுங்கள். தனிநபர் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்வது 1980-களிலேயே நின்றுபோனது. பெயர்பெற்ற விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் போட்டிக்கான துப்பாக்கியில் விலக்கு உண்டு. சாதாரண ஆளுக்கு லைசென்ஸில் கிடைக்கும் கைத்துப்பாக்கி பெரும்பாலும் .32. அதிலும் பாதுகாப்புக்கு ஏன் தேவை என்று காரணம் காட்டி, போலீஸ் விசாரணை முடிந்து, கலெக்டர் ஒப்புக்கொள்ள வேண்டும்.

1959 ஆயுதச் சட்டத்தில் 2019-ல் திருத்தம் வந்தது. ஒருவர் மூன்று வைத்திருக்கலாம் என்பது இரண்டாகக் குறைந்தது. லைசென்ஸ் காலம் 3 வருடத்திலிருந்து 5 ஆனது. கல்யாணம், திருவிழாவில் கொண்டாட்டமாகச் சுட்டு மற்றவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் 2 வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். தேர்தல் வந்தால் லைசென்ஸ்காரர்களைத் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள்.

கூர்க்கில் எல்லோரும் வைத்திருக்கிறார்களே என்று கூடலூர்ப் பக்கத்து ஆட்கள் கேட்பார்கள். அது கொடவர்களுக்கும் அங்கே பரம்பரை நில உரிமை உள்ளவர்களுக்கும் தரப்பட்ட தனி விலக்கு. மலையைத் தாண்டி நமக்கு வராது.

காட்டுமாடும் கரடியும் வாசல் வரைக்கும் வருதே, பெருசா ஒண்ணு இருந்தா நல்லதுதானே?

மேலே ஒரு பதிலில் அமெரிக்காவில் கரடிக்காக .44 வைத்திருப்பதைச் சொன்னேன். அது வேறு கரடி, வேறு காடு, வேறு சட்டம். காட்டுமாடு ஒரு டன் வரை வளரும். பதற்றத்தில் கைத்துப்பாக்கியால் சுட்டால் நீங்கள் செய்வது அதைக் காயப்படுத்துவதாகத்தான் இருக்கும். காயம்பட்ட காட்டுமாடு அடுத்த தெருவில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் எதிரே நிற்கும். 1972 வனவிலங்குச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்பு உள்ள விலங்கு அது.

நம் ஊர்க் கரடி வருவது கோயில் விளக்கெண்ணெய்க்கும் பேக்கரி வாசனைக்கும். எண்ணெயை உள்ளே எடுத்து வையுங்கள், குப்பையை மூடுங்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். காட்டுமாடு நின்றால் வழி விட்டு ஒதுங்குங்கள், போட்டோ எடுக்கக் கிட்டே போகாதீர்கள். இந்த மலையில் துப்பாக்கி மிஞ்சிப்போய் வேட்டை விலங்குகள் குறைந்ததால் வெள்ளைக்காரர்களே 1879-ல் நீலகிரிக்கென்று தனியாக வேட்டைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போட்டார்கள். அந்த அனுபவம் ஒரு தடவை போதும்.

சரி, திருடன் வந்தா? பெருசைப் பார்த்தாலே ஓடிடுவானே?

அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பவர்களில் 72 சதவீதம் பேர் பாதுகாப்பை முக்கியக் காரணமாகச் சொன்னார்கள் என்று பியூ ஆய்வு நிறுவனத்தின் 2023 கணக்கெடுப்பு சொல்கிறது. பயம் பொய்யில்லை, அதை நான் கேவலமாக நினைக்கவும் மாட்டேன். ஆனால் பயத்துக்குப் பெரிய துப்பாக்கி சரியான மருந்து இல்லை. ராத்திரி, அரைத்தூக்கம், நடுங்கும் கை, அதில் 2 கிலோ. மூடிய அறைக்குள் ஒரு குண்டு போனால் சத்தம் 140 டெசிபலுக்கு மேலே போகும், காது நிரந்தரமாகக் கெடலாம்.

எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டை நினைத்துப் பாருங்கள். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம் படுத்திருக்கிறது. 2,000 ஜூலோடு போகிற குண்டு திருடனோடு நிற்காது. நல்ல தாழ்ப்பாள், வெளியே ஒரு விளக்கு, பக்கத்து வீட்டாரின் போன் நம்பர், ஒரு நாய். இதைச் சொன்னால் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது. பூட்டு விற்பதற்காகச் சொல்லவில்லை, வீட்டுக்குள் தவறுதலாக வெடித்ததால் கால் போன ஒருவரை எனக்கு நேரில் தெரியும்.

என் பையன் பிஸ்டல் மாதிரி லைட்டர் வாங்கி வெச்சுக்கிட்டு போட்டோ போடறான். என்ன பண்றது அண்ணா?

நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான், அதிகம் யோசித்ததும் இதற்குத்தான். முதலில் சட்டம்: பொம்மையானாலும் லைட்டரானாலும் அதைக் காட்டி ஒருவரை மிரட்டினால் அது குற்றமே. தெருவில் நீட்டினால் எதிரே நிற்கும் போலீஸ்காரருக்கு அது லைட்டர் என்று எப்படித் தெரியும்? வீட்டைவிட்டு வெளியே போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

அப்புறம் உட்கார்ந்து கேளுங்கள். மூன்று வருடத்துக்கு முன் பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவனை அவன் அம்மா என்னிடம் கூட்டிவந்தார். டூரிஸ்ட் கடையில் வாங்கிய பெரிய குரோம் லைட்டர், நிஜத்தை விடப் பளபளப்பு. அப்பா ஏற்கெனவே அடித்திருந்தார். நான் லைட்டரை வாங்கிப் பார்த்தேன், ஸ்பிரிங் நல்லா இருக்கே என்றேன். பத்து நிமிஷம் அதைக் கழற்றி மாட்டிக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் வாய் திறந்தான். வகுப்பில் அவனைப் பேர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, 'குட்டை' என்றுதான். "இதைக் கையில எடுத்தா அந்தப் பேரு ஞாபகம் வராது மாமா" என்றான்.

அந்த ஒரு வாக்கியத்தில் ஆட்லர் எழுதியது முழுக்க இருக்கிறது. லைட்டரைப் பிடுங்கினால் பேர் போகாது. அந்த அம்மாவிடம் நான் சொன்னதும் இதுதான்: பிடுங்குவதற்கு முன்னால் அவன் கைக்கு வேறொன்று கொடுக்க வேண்டும்.

நல்லா நாலு பேர் முன்னாடி கேலி பண்ணினா தானா விட்டுடுவான்ல?

மாட்டான். வில்லரின் சோதனையை மேலே சொன்னேன். ஆண்மை குறைவு என்று ஒருவனிடம் சொன்னதும் பெரிய காரின் பக்கம் மனசு போனது. கேலி செய்வது என்பது அந்தச் சோதனையைத் தினமும் நம் பிள்ளைமேல் நடத்துவது. 'பெரிய துப்பாக்கி, சின்ன மனுஷன்' என்ற பேச்சு எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் இதுதான்.

நீங்க துப்பாக்கியோடவே இருந்தவர். உங்களுக்கு அந்த ஆசை வந்ததே இல்லையா?

வந்தது. ஆள்சேர்ப்பில் உயரம் அளக்கும் கம்பத்தில் நான் மயிரிழையில் தேறியவன். பயிற்சியில் எல்லோரும் ஓட்டத்துக்கு ரைஃபிளை எடுத்தபோது, நான் அதைவிடக் கனமான எல்.எம்.ஜி. என்ற இயந்திரத் துப்பாக்கியைத் தூக்கிக்கொள்வேன் என்று கேட்டு வாங்கினேன். தோளில் தோல் உரிந்தது. பயிற்சி கொடுக்கும் ஒரு உஸ்தாத் ஒரு வாரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "தூக்கறது போதும், கண்ணைக் கட்டிக்கிட்டு இதைக் கழற்றி மாட்டுவியா?" என்று கேட்டார். என்னைக் கேலி செய்யவில்லை, தடுக்கவும் இல்லை. இரண்டு மாதத்தில் எங்கள் கூட்டத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு வேகமாக மாட்டுகிறவன் நானானேன். ஆர்மரர் வேலைக்கு மனசு போனது அங்கேதான். உயரம் அப்படியேதான் இருந்தது.

அப்போ இந்தப் பசங்களை எங்கே திருப்பி விடறது?

என் பதில் ஏர் பிஸ்டல். 4.5 மி.மீ. குண்டு, 20 ஜூலுக்குள் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம். அதிலும் பெரியவர் கூட இருந்து, பாதுகாப்பான இடத்தில், கண்ணாடி போட்டுத்தான். போட்டி விதிப்படி பிஸ்டலின் எடை ஒன்றரை கிலோவைத் தாண்டக்கூடாது. தூரம் 10 மீட்டர். 75 நிமிஷத்தில் 60 குண்டு. மனு பாக்கர் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இரண்டு வெண்கலம் வாங்கியது இந்த 10 மீட்டர் ஏர் பிஸ்டலில்தான். ஒன்று தனியாக, ஒன்று சரப்ஜோத் சிங்குடன் சேர்ந்து. அதே கலப்பு இரட்டையர் போட்டியில் வெள்ளி வாங்கிய துருக்கியின் யூசுஃப் டிகேச்சுக்கு அப்போது 51 வயது. டி-ஷர்ட், சாதாரண மூக்குக்கண்ணாடி, ஒரு கை பாக்கெட்டில். அந்தப் படத்தைப் பட்டறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். பையன்கள் வந்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இலக்குத் தாளில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ. ஒரு சட்டைப் பொத்தான். ஆரம்பத்தில் குண்டு போடுவதே இல்லை. எதிர்ச் சுவரில் ஒரு வெள்ளைப் பொத்தானை ஒட்டிவைத்து, காலிப் பிஸ்டலை நீட்டி, மூச்சை விட்டு, பொத்தானையே பார்க்கச் சொல்வேன். நான் எண்ணுவேன். லைட்டர் வைத்திருந்த பையனுக்கு முதல் நாள் பதினெட்டில் கை ஆடியது. இப்போது கோயம்புத்தூரில் காலேஜ் படிக்கிறான். லீவில் வந்தால் கடையில் நான் கேட்காமலே சுவரைப் பார்த்து நின்றுகொள்வான். போன பொங்கலுக்கு வந்தபோது நான் அறுபது வரைக்கும் எண்ணி நிறுத்தினேன், அவன் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.